தாயைத் தொடர வேண்டிய பொறுப்பு

தாய்சேய் நலப்பணி டில்லிக்குப் புதியதன்று. சுகாதாரப் பார்வையாளர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி இந்நகரில் 1918ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது. தாய் நிலையத்தை நாடி வரும்வரை காத்திராமல், பணியாளரே அவள் இல்லத்தை நாடிச் செல்லவேண்டும் என்பது இப்பணியின் அடிப்படை.

அதன் பயனை மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் மெய்ப்பித்தனர். பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் வீடுதோறும் சென்று பச்சிளங் குழந்தைகளைப் பேணியதால், அக்குழந்தைகளின் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்ததென 1999இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 2011 முதல் இம்முறை தேசியத் திட்டமாயிற்று. மருத்துவமனையில் பிரசவித்த தாயை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் 'ஆஷா' பணியாளர் வீட்டில் சென்று காணவேண்டும். குழந்தையின் எடையையும் உடல் வெப்பத்தையும் அளந்து, பால் அருந்துதலையும் கவனிக்கவேண்டும்.

ஆனால் டில்லியின் வாடகை அறைகளில் வாழ்வோருள் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பிரசவத்திற்குச் சொந்த ஊர் சென்ற பெண், 42 நாள் நிறையுமுன் கணவனின் வேலையிடத்திற்குத் திரும்பக்கூடும். அவள் பெயர் ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். டில்லிப் பதிவேட்டில் இராது. இரு பதிவேடுகளுக்கும் இடையே குழந்தை விடுபட்டுப் போகிறது. எடை குறைந்து பிறந்த சிசுவாயின், கவனிப்பாரற்ற ஒரு வாரமே உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளும் தவறக்கூடும்.

இது பணியாளரின் அசட்டையால் மட்டும் நேர்வதன்று. ஊக்கத்தொகை 42 நாள் வருகைகள் முழுவதற்கும் சேர்த்தே வகுக்கப்பட்டுள்ளது. ஆதலின் பாதியில் வந்த தாயை ஏற்பவருக்கு உழைப்பு உண்டு, ஊதியம் உறுதியில்லை. ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியே தொகை அளிப்பதே நேர்மையான முறை. முகவரிச் சான்று கேளாமல், தாய்சேய் பாதுகாப்பு அட்டையைக் கண்ட அளவிலேயே எஞ்சிய வருகைகளை அங்குள்ள பணியாளர் ஏற்கவும் விதி செய்தல் வேண்டும். அட்டை இல்லாதவளுக்குப் புதிய அட்டை அன்றே வழங்கலாம்.

ஆசிரியர்களும் இதில் பெருந்துணை புரியலாம். விடுமுறைக்குப் பின் திரும்பும் மாணவரிடம், வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்துள்ளதா என்று வினவி, அச்செய்தியை அங்கன்வாடிக்கு அறிவித்தால் போதும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குழந்தையைப் பள்ளியறை அறிந்திருக்கும்.

புதிய நிலையங்கள் தேவையே. எனினும், இருக்கும் பணி தாய் செல்லும் இடமெல்லாம் தொடருமாறு செய்வது அதனினும் முற்பட்ட கடமையாகும்.