ஒற்றைக் கோடு

கோவிட் வந்து போனதில் ஒரே லாபம், மூக்கில் குச்சி விட்டு, பட்டையில் சொட்டு விட்டு, பதினைந்து நிமிஷம் கடிகாரம் பார்த்து, ஒரு கோடா இரண்டு கோடா என்று தீர்ப்புச் சொல்ல எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒற்றைக் கோடு என்றால் 'அப்பாடா' என்று ரசம் சாதம் சாப்பிடப் போய்விடுகிறோம். அந்த 'அப்பாடா'வில்தான் எனக்குச் சந்தேகம்.

ஃப்ளூவுக்கும் இந்தப் பட்டை ரொம்ப நாளாகவே இருக்கிறது. 2009-ல் புதிய ஹெச்1என்1, அதாவது பன்றிக் காய்ச்சல், கிளம்பியபோது அமெரிக்காவின் சி.டி.சி. மூன்று ரேபிட் டெஸ்ட்டுகளுக்குப் பரீட்சை வைத்தது. பி.சி.ஆரில் உறுதியான சாம்பிள்களில் அவை கண்டுபிடித்தது 40-லிருந்து 69 சதவிகிதம் வரைதான். பத்துத் திருடர்களில் நாலு பேரைப் பிடித்துவிட்டு, பாக்கி ஆறு பேருக்கு நன்னடத்தை சர்டிபிகேட் கொடுக்கிற போலீஸ்!

வைரஸ் புதுசு என்பதாலா? ஓரளவுதான். ஃப்ளூ வைரஸ் அடிக்கடி மாற்றுவது ஹெச், என் என்கிற மேல் சட்டையை. டெஸ்ட் தேடுவது உள்ளே இருக்கும் நியூக்ளியோபுரோட்டீனை. அது பனியன், அதிகம் மாறாது. முக்கிய வில்லன் எண்ணிக்கை. பி.சி.ஆர். துளி வைரஸின் மரபுப்பொருளையும் பல கோடி மடங்கு பெருக்கிப் பார்த்துவிடும். பட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கும்பலாக வந்தால்தான் கோடு போடும். நாலு நாள் கழித்துக் குச்சி விட்டால் கும்பல் கலைந்திருக்கும்.

இரண்டு கோடு வந்தால், ஃப்ளூ சீஸனில் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் 'ஏ' அல்லது 'பி' என்று இனிஷியல் மட்டும்தான் சொல்லும். முழுப் பெயர் சொல்லாது. 2009-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பத்து வயதுப் பையனின் சாம்பிளை, பரிசோதனையில் இருந்த வேறொரு கருவி 'ஏ'தான், ஆனால் தெரிந்த மனித வகை எதுவும் இல்லை என்றது. அலட்சியப்படுத்தாமல் பெரிய லேபுக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 15-ல் புது வைரஸ் மாட்டிக்கொண்டது.

2017-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. கையை முறுக்கியது. பி.சி.ஆர். மாதிரி டெஸ்ட்டோடு ஒப்பிட்டால் 80 சதவிகிதமாவது தேற வேண்டும். வருஷா வருஷம் புது வகைகளோடும் பரீட்சை எழுத வேண்டும். பாஸ் மார்க் 80 என்றாலும் ஐந்தில் ஒருவர் நழுவலாம்.

ஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால்தான் அதிகப் பலன். வீட்டில் கர்ப்பிணியோ, ஆஸ்துமாக்காரரோ, வயதானவரோ காய்ச்சலில் மூச்சு வாங்கினால், ஒற்றைக் கோட்டை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பட்டை பார்ப்பது மூக்கை மட்டும்தான். டாக்டர் ஆளைப் பார்ப்பார்.