விளையாடாமலே வீழ்ந்த கழகம்

கொள்ளைநோய் மீண்டும் பரவினால் உதைபந்தாட்டப் பருவகாலம் என்னவாகும் என்பதற்கு 2020 ஆம் ஆண்டின் இங்கிலாந்தே சாட்சி. மார்ச் 13 இல் இடைநிறுத்தப்பட்ட பிரீமியர் லீக், எஞ்சிய 92 ஆட்டங்களை ஜூன் 17 முதல் பார்வையாளரின்றி நடத்தி முடித்தது. தொலைக்காட்சிப் பணம் அதற்கு இடமளித்தது. நுழைவுச்சீட்டு வருமானத்தை நம்பியிருந்த மூன்றாம், நான்காம் நிலைக் கழகங்களுக்கோ வெற்று அரங்கில் ஆடுவது நட்டமே. பரிசோதனைச் செலவு வேறு. ஜூன் 9 இல் அவை வாக்கெடுப்பின் மூலம் பருவகாலத்தை முடித்துக்கொண்டன. ஆட்டமொன்றுக்கான சராசரிப் புள்ளியே நிலைகளைத் தீர்மானித்தது. மூன்று புள்ளிகளே பின்தங்கி, ஓர் ஆட்டத்தை மேலதிகமாகக் கைவசம் வைத்திருந்த ட்ரான்மியர் ரோவர்ஸ், மைதானத்தில் இறங்காமலேயே கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது. வாக்களித்த கழகங்கள் ஒவ்வொன்றும் தத்தம் இலாப நட்டத்தை அறிந்தே வாக்களித்தன என்பதை மறுக்கவியலாது. இத்தகைய விதியைப் பருவகாலத்தின் முதல் ஆட்டத்திற்கு முன்னரே வகுத்துக்கொள்வதே நியாயமாகும்.