முன்னிலை இழந்த அணியும் முடிவறிந்து பேசும் உலகமும்

முடிவு தெரிந்த பின்னர் மதி கூறுதல் எல்லார்க்கும் எளிது. முடிவு தெரியாத வேளையில் ஒன்றைத் துணிந்து செய்தவன் நிலையில் நின்று நோக்குதலோ மிக அரிது. இவ்வுண்மையை ஆண்டுதோறும் அரங்கேற்றிக் காட்டும் இடமொன்று உண்டு. அது ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழக உதைபந்தாட்ட மைதானமாகும்.

அந்நாட்டில் ஓகஸ்ட் இறுதி தொடங்கிச் சனிக்கிழமைதோறும் பல்கலைக்கழக அணிகள் மோதுகின்றன. பழைய மாணவரும், ஊராரும், அப்பல்கலைக்கழகத்தின் வாயிலை ஒருநாளும் மிதித்தறியாதோரும் தத்தம் அணியைக் குலதெய்வம்போற் போற்றுவர். பெரும் முன்னிலை பெற்றிருந்த அணி ஈற்றில் தோற்றுவிடுமாயின் அன்றிரவே ஒரு வழக்கு மன்றம் கூடிவிடும். குற்றவாளி பயிற்றுவிப்பாளர், அபிமானிகளே வழக்கறிஞரும் நீதிபதியும். ‘இவரை வைத்திருப்பதா, விலக்குவதா?’ என்பதே வழக்கு.

இதனை வெறும் விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிட இயலாது. இப்பேச்சின் வேகத்தில் மனிதர் பதவி இழக்கின்றனர்; கல்விச் சாலைகள் கோடிக்கணக்கான டொலரை இழப்பீடாக இறைக்கின்றன. அதற்கும் மேலாக, ஒருவர் செய்த காரியத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் பழைய வினா இதனுள்ளே கிடக்கின்றது.

ஆட்டமும் கடிகாரமும்

அமெரிக்கர் உதைபந்தென வழங்கும் ஆட்டம் நம்மவர் அறிந்த உதைபந்தன்று. அதிற் காலால் உதைப்பது குறைவு; கையால் எறிவதும், ஏந்திக்கொண்டு ஓடுவதுமே மிகுதி. அணிக்குப் பதினொருவர். ஆட்டம் 15 நிமிடங் கொண்ட நான்கு பகுதிகளாக 60 நிமிடம் நிகழும். பந்தைக் கைக்கொண்ட அணி நான்கு முயற்சிகளுள் 10 யார் தூரம் முன்னேறல் வேண்டும். இன்றேல் பந்து எதிரணிக்குச் சேரும். எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைச் சேர்ப்பித்தால் 6 புள்ளிகள். அதன்பின் ஒரு சிறு முயற்சியால் ஒன்றோ இரண்டோ மேலும் பெறலாம். கம்பங்களினூடே பந்தை உதைத்தால் 3 புள்ளிகள்.

இனி விவாதத்தின் வேரைக் காண்போம். பந்தை ஏந்தி ஓடுபவன் மைதானத்தின் உள்ளே வீழ்த்தப்பட்டால் கடிகாரம் பெரும்பாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். எறிந்த பந்து எவர் கையிலும் அகப்படாது நிலத்தில் வீழ்ந்தாற் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே முன்னிலையிலுள்ள அணி எறிதலைக் குறைத்து ஓட்டத்தை மிகுத்துக் காலத்தைக் கரைக்க முயலும். காவலில் நிற்பாரும் நெடுந்தூர எறிவுக்கு அஞ்சிப் பின்வாங்கி நிற்பர். எண்ணியவாறு முடிந்தால் இதற்கு நிதானம் என்று பெயர். முடியாவிட்டாற் கோழைத்தனம் என்று பெயர். மாறாக, முன்னிலையிலும் தொடர்ந்து பந்தை எறிந்து வென்றாற் பயிற்றுவிப்பாளர் வீரர், தோற்றால் மூடர். செயல் ஒன்றே, பெயர்களே மாறுகின்றன.

ஒருவர், இரு சனிக்கிழமைகள்

2006ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஜோன் எல். சிமித். பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களையும் அவ்வணி வென்றிருந்தது. செப்டெம்பர் 23ஆம் நாள், தன் சொந்த மைதானத்தில் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தை அது எதிர்த்தது. நான்காம் பகுதி தொடங்கியபோது 37க்கு 21 என முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது 40க்கு 37 எனத் தோல்வி. கொட்டும் மழையில் இது நடந்தது. அதன் பின்னர் டிட்ரோயிட் நகர வானொலியில் ஓர் அறிவிப்பாளர் அப்பயிற்சிக் குழுவை நோக்கி நெடுநேரம் சொரிந்த கோபமொழி அந்நாட்டு அபிமானிகளால் இன்றும் நினைவுகூரப்படுகின்றது. அன்றைய தீர்ப்பு, பயிற்றுவிப்பாளர்க்கு ஆட்டத்தை முடிக்கத் தெரியாது என்பதாம்.

அதன் பின்னும் தோல்விகள் தொடர்ந்தன. ஒக்டோபர் 21ஆம் நாள் அதே அணி, சிக்காகோ நகரை அடுத்துள்ள நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஆடியது. மூன்றாம் பகுதியில் 38க்கு 3 எனப் பின்தங்கிக் கிடந்தது. அங்கிருந்து எழுந்து தொடர்ச்சியாக 38 புள்ளிகளைப் பெற்று 41க்கு 38 என வென்றது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டத்தின் முதற்பிரிவு வரலாற்றில் இதுவே மிகப் பெரிய மீட்சி, 35 புள்ளிகள்.

ஈண்டு சிந்திக்கற்பாலது ஒன்றுளது. செப்டெம்பரில் அறிவிலியாக இருந்தவர் ஒக்டோபரில் மேதையானது எவ்வாறு? இடையிற் கழிந்தவை நான்கு வாரங்கள். மனிதர் அவரே, ஆடியவரும் பெரும்பாலும் அவரே. ஒரு நாட் சரிவை அவர் அறிவின்மைக்குச் சான்றாகக் கொள்வோமாயின், மற்றொரு நாள் மீட்சியை அவர் அறிவுக்குச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுவது நடுவுநிலை ஆகாது.

வரலாற்றுப் புகழ் பெற்ற அவ்வெற்றியும் அவரைக் காக்கவில்லை. அடுத்த வாரம் மீண்டும் தோல்வி. நவம்பர் 1ஆம் நாள் அவருடைய நீக்கம் அறிவிக்கப்பட்டது. பருவ முடிவில் அவ்வணியின் கணக்கு நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி.

அந்நாளில் 35 புள்ளி முன்னிலையைக் கைவிட்டவர் யார்? நோர்த்வெஸ்டேர்ணின் பற் விற்ஸ்ஜெரால்ட் என்பவர். அவர்க்கு அது முதலாண்டு, வயது 31. முன்னைய பயிற்றுவிப்பாளர் அவ்வாண்டு யூன் மாதம் திடீரென இறந்துபோக, துயரத்தினிடையே பொறுப்பேற்றவர். அத்தோல்வியை மட்டும் வைத்து அளந்திருந்தால் அவரை அன்றே அனுப்பியிருத்தல் வேண்டும். பல்கலைக்கழகம் பொறுத்தது. அவர் 2022 வரை 17 பருவங்கள் பயிற்றுவித்து 110 வெற்றிகளைப் பெற்று, அப்பல்கலைக்கழக வரலாற்றில் முதலிடம் அடைந்தார். மாபெரும் மீட்சியை நிகழ்த்தியவர் பதினொரு நாளிற் பதவி இழந்தார். மாபெரும் சரிவைச் சந்தித்தவர் நிலைத்து நின்றார். அந்த ஒரு நாட் கணக்கு எதனை உணர்த்திற்று?

வென்றவரும் போனார், தோற்றவரும் போனார்

பதினோராண்டு கழித்து இதே கதை வேறோர் உருவில் வந்தது. 2017 செப்டெம்பர் 3ஆம் நாள் கலிபோர்ணியாவிலுள்ள ரோஸ் போல் மைதானத்தில், டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் மூன்றாம் பகுதியில் 44க்கு 10 என முன்னிலை பெற்றிருந்தது. எதிரணி லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம். அவ்வணி 35 புள்ளிகளைத் தொடர்ந்து குவித்தது. ஆட்டம் முடிய 43 செக்கன் இருக்கையில், பந்தை நிலத்தில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தப் போவதுபோற் பாவனை செய்து, மறுகணமே அதனை எறிந்து வெற்றிப் புள்ளியைப் பெற்றார் யோஷ் ரோசன் என்னும் வீரர். முடிவு 45க்கு 44.

தோற்ற அணியின் முதன்மை எறிவாளர் அவ்வாட்டத்தின் நடுவே காலிற் காயமுற்று வெளியேறினார். முதலாண்டு மாணவர் ஒருவர் அவரிடத்தில் நிற்க நேர்ந்தது. ஆயினும் அன்றிரவே அப்பல்கலைக்கழகத்தின் ஆளுநர் சபை உறுப்பினர் ஒருவர், பயிற்றுவிப்பாளர் கெவின் சம்லின் விலக்கப்படல் வேண்டுமெனப் பகிரங்கமாக எழுதினார். அபிமானி ஆத்திரப்படுவது இயல்பு. நிருவாகத்திற் பொறுப்புடையார் ஒருவர் ஓர் இரவு கழியுமுன்னர் தீர்ப்பெழுதுவது முறையோ?

நவம்பர் 26ஆம் நாள் சம்லின் நீக்கப்பட்டார். வியப்பு யாதெனில், அன்று வென்ற பயிற்றுவிப்பாளர் ஜிம் மோரா அதற்கு ஒரு வாரம் முன்னரே, நவம்பர் 19இல், நீக்கப்பட்டுவிட்டார். ஒப்பந்தப்படி இருவர்க்கும் தனித்தனி ஒரு கோடி டொலருக்கு மேல் இழப்பீடு சேர வேண்டியிருந்தது.

சம்லினுக்குப் பின் வந்தவர் ஜிம்போ பிஷர். பத்தாண்டுக்கு 7 கோடியே 50 இலட்சம் டொலர் என்பது அவருடன் செய்த ஒப்பந்தம். சம்லின் 77 ஆட்டங்களில் 51ஐ வென்றிருந்தார். பிஷர் 70 ஆட்டங்களில் 45ஐ வென்றார். நூற்றுக்கு 66 என்றிருந்தது 64 ஆயிற்று. 2023 நவம்பரில் அவரையும் நீக்கினர். அவர்க்குச் செலுத்த வேண்டிய தொகை 7 கோடியே 50 இலட்சம் டொலரையும் தாண்டியது. மாணவர்க்கு எத்தனை உபகாரச் சம்பளம் வழங்கியிருக்கலாம் என்று எண்ணும்போது ஆசிரியத் தொழில் புரிவோர் நெஞ்சு சுடும்.

உண்மையான பிழை

இவ்வாறு கூறுவதால் அபிமானிகள் எப்பொழுதும் தவறுவர் என்று கொள்ளற்க. முடிவைப் பாராமலே பிழையெனக் கூறத்தக்க பிழையும் உண்டு.

2023 ஒக்டோபர் 7ஆம் நாள் மயாமிப் பல்கலைக்கழக அணி, ஜோர்ஜியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 20க்கு 17 என முன்னிலையில் இருந்தது. எஞ்சியது அரை நிமிட அளவே. ஆட்டத்தை இடைநிறுத்தக் கோரும் உரிமையும் எதிரணிக்கு மீதமில்லை. பந்தை வாங்கியவர் முழந்தாளை நிலத்தில் ஊன்றினாற் போதும். கடிகாரம் தானே ஓடி முடிந்துவிடும். மயாமியினரோ பந்தை ஏந்தி ஓட முனைந்தனர். ஓடியவர் கையிலிருந்து பந்து நழுவிற்று. எதிரணி 23க்கு 20 என வென்றது. முழந்தாள் ஊன்றியிருத்தல் வேண்டுமென்று பயிற்றுவிப்பாளர் மாரியோ கிறிஸ்டோபால் பின்னர் ஒப்புக்கொண்டார். 2018இல் ஒரிகன் அணியைப் பயிற்றுவித்தபோதும் ஸ்டான்போர்ட்டுக்கு எதிராக இதனையொத்த நிலையில் அவரணி ஓட முனைந்து, பந்தை நழுவவிட்டுத் தோற்றதென்பதை அபிமானிகள் மறவாது எடுத்துக் காட்டினர்.

இக்குற்றச்சாட்டு வலிமையுடையது. ஏன்? பந்து நழுவாது போயிருப்பினும் அது பிழையே. ஓடுவதாற் பெறத்தக்க நன்மை யாதுமில்லை. இழக்கத்தக்கதோ ஆட்டம் முழுவதும். நழுவுமென முன்னறிய வேண்டியதில்லை. நழுவக்கூடும் என்பதை அறிந்தாற் போதும். அஃது அன்று எவர்க்கும் தெரிந்ததே.

எனினும் அப்பிழை ஒன்றே மனிதர் முழுமையும் ஆகிவிடவில்லை. மயாமி அவரை வைத்துக்கொண்டது. 2026 ஜனவரியில் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் வரை அவ்வணியை அவர் இட்டுச் சென்றார். இந்தியானாப் பல்கலைக்கழகத்திடம் 27க்கு 21 எனத் தோற்றாரெனினும், அவ்விடம் வரை சென்றது சிறிதன்று.

தீர்க்கும் முறை

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அதிகாரங்களை நிரல்பட வைத்தார். நான்கும் வினை தொடங்குமுன் எண்ண வேண்டியவை. ஆதலின் வினை முடிந்தபின் தீர்ப்புக் கூறுவோனும் அவற்றையே வினவுதல் வேண்டும். செய்தவன் தன் வலியையும் மாற்றான் வலியையும் எண்ணினானா? எஞ்சிய காலத்தைக் கணக்கிட்டானா? அன்று அவனுக்குத் தெரிந்திருந்தவை எவை? இவற்றை வினவாது புள்ளிப் பலகையை மட்டும் நோக்குவது விளைச்சலைக் கண்டு உழவனை அளப்பதாகும். மழையைக் கணக்கிற் சேர்க்காத அளவை அது.

இஃது ஆசிரியர் அறியாத செய்தியன்று. பல ஆண்டுகளின் முன் என் வகுப்பு மாணவர் பெரும்பாலோர் தமிழ்ப் பரீட்சையிற் சிறப்புச் சித்தி எய்தினர். சபையில் எனக்கு மாலை சூட்டினர். மறு ஆண்டு பலர் தவறினர். என்னை வேறு வகுப்புக்கு மாற்ற வேண்டுமெனப் பெற்றோர் சிலர் முறையிட்டனர். கற்பித்த நன்னூல் ஒன்றே, குறிப்பேடும் ஒன்றே என்று மனம் புழுங்கினேன். அவருள் ஒருவர் மட்டும் கோபமின்றி, ‘யாப்பை எத்தனை நாட் கற்பித்தீர்கள், ஐயா?’ என வினவினார். வாய் அடைத்தது. இரண்டு ஆண்டும் யாப்பை அவசரமாகவே ஓட்டியிருந்தேன். முதலாண்டு மாணவர் இயல்பாகவே வல்லவர்; அவர் வல்லமை என் குறையை மூடிற்று.

மாலை சூட்டிய அன்றே அவ்வினாவை எவரேனும் கேட்டிருப்பின் அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் தப்பியிருப்பர். முன்னிலை இழந்த அணியின் அபிமானிகளுக்கும் நாம் கூறத்தக்கது இதுவே. தோற்ற இரவில் வினவும் வினாவை வென்ற இரவிலும் வினவுக. வென்றபோது கேட்கத் துணியாத வினாவைத் தோற்றபோது மட்டும் எழுப்புவது ஆராய்ச்சி ஆகாது. அது துயரத்துக்கு ஓர் ஆளைத் தேடுவதாகும்.