‘தொடரும்’ என்று போட்டால் கதை முடிந்ததாகுமா?

வலிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் விறாந்தையிலே, ஒரு மாலைப்பொழுதில், விசித்திரமான வழக்கு விசாரணையொன்றைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அங்கே நீதிபதி இல்லை, அப்புக்காத்து இல்லை, கட்டணமும் இல்லை. வெங்காயத் தறைக்கு நீரிறைத்துவிட்டு வந்த கமக்காரர் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வங்கி எழுதுவினைஞர் ஒருவர் ஆகியோரே வாதிகளும் பிரதிவாதிகளும். வழக்கு நாகத்தொடர் ஒன்றைப் பற்றியது. விரும்பிய உருவமெடுக்கும் நாகத்துக்கு முதல் மாதத்திலே கொடுக்கப்பட்ட வரம் எட்டாம் மாதத்திலே என்னவாயிற்று? காவலிலிருந்த நாகமணியைக் கதாசிரியர் மறந்துவிட்டாரா? சாபம் தீர மூன்று நிபந்தனைகள் சொல்லப்பட்டனவே, இரண்டு நிறைவேறியபின் மூன்றாவதை விழுங்கியவர் யார்?

எத்தனை நுட்பமான ஞாபகம்! எத்தனை கண்டிப்பான கேள்விகள்! நீதிமன்றத்திலே குறுக்கு விசாரணை செய்து பழகிய நாமே வாயடைத்து நின்றோம்.

இத்தகைய தொடர்களையும் அவற்றைப் பார்ப்போரையும் இகழ்வது நம்மிடையே உள்ள படித்த கனவான்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. 2015இல் இந்தியிலே தொடங்கிப் பருவம் பருவமாக நீண்டு, தமிழிலே குரல் மாற்றி வந்த ‘நாகினி’யும், 2017இலும் 2018இலும் சன் தொலைக்காட்சியிலே ஓடிய ‘நந்தினி’யும் எமது மக்களின் மூளையை மழுங்கடித்துவிட்டன என்பது அவர்கள் வழங்கும் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு எதிராக நாம் மேன்முறையீடு செய்கின்றோம். நாகதம்பிரானுக்குப் பொங்கவென்று புளியம்பொக்கணைக்குப் போகும் மக்களுக்கும், நாகபூசணி அம்மனை வணங்க நயினாதீவுக்குப் படகேறும் மக்களுக்கும், நாகத்தின் கதையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் பார்ப்பது குற்றமன்று. பார்க்கும்போது அவர்களிடம் விழித்திருக்கும் அறிவு, வாக்குக் கேட்டு வருபவன் முன்னிலையில் உறங்கிவிடுகிறதே, அதுவே குற்றம்.

கதையின் முடிச்சு அவிழாமற் போவது ஏன்? விடை எளிது. நாளாந்தத் தொடர் முடிவை எண்ணி எழுதப்படுவதன்று. நாளைக்கும் மக்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக எழுதப்படுவது. பார்ப்போர் தொகை உள்ளவரை விளம்பரம் உண்டு. விளம்பரம் உள்ளவரை கதை உண்டு. ஆகவே பழைய முடிச்சை அவிழ்ப்பதிலும் புதிய முடிச்சைப் போடுவதே இலாபம். பார்ப்பவன் மறந்தால் எழுதுபவனும் மறப்பான். இதற்கு மாறாக, 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ என்னும் மர்மதேசக் கதையை எண்ணிப் பாருங்கள். அது ஒளிபரப்பான நாட்களிலே குடாநாட்டுக்குத் தரைப்பாதை அடைபட்டிருந்தது; மின்சாரமும் அரிது. பின்னாளிலே பார்த்தவர்களே இங்கு அதிகம். அதை எழுதியவர் 2024இலே மறைந்தும்விட்டார். எனினும் அக்கதை இன்றும் பேசப்படுகிறது. ஏன்? போட்ட முடிச்சுக்குக் கணக்குத் தீர்த்துவிட்டு முடிந்த கதை அது.

இனி நமது கதைக்கு வருவோம். அதை எழுதுவோர் எவ்வகைக் கதாசிரியர் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

1957ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பிரதேச சபைகள் வரும், காணியிலும் குடியேற்றத்திலும் அவற்றுக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். 1958 ஏப்பிரல் 9ஆம் நாள், பிரதமரின் வாசஸ்தலத்தை பிக்குகள் சூழ்ந்திருக்க, அந்தக் கதை கைவிடப்பட்டது. 1965 மார்ச்சு 24இலே டட்லி - செல்வா உடன்படிக்கை. இம்முறை மாவட்ட சபைகள். 1968இலே அதுவும் பாதியில் நின்றது. 1987 யூலை 29இலே இந்திய - இலங்கை ஒப்பந்தம். அதே ஆண்டு நவம்பரிலே பதின்மூன்றாவது திருத்தம். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய பெயர், புதிய நடிகர்கள். முடிவிலே மட்டும் அதே எழுத்துக்கள்: ‘தொடரும்’.

வரம் பற்றிப் பேசுவோருக்கு இரணியன் கதை தெரியும். மனிதராலும் விலங்காலும் சாவில்லை. உள்ளேயும் வெளியேயும் இல்லை. பகலிலும் இரவிலும் இல்லை. மண்ணிலும் விண்ணிலும் இல்லை. இத்தனை கவனமாகச் சொற்களை அடுக்கி வரத்தைக் கேட்டவன் இரணியனே. ஆயினும் அந்திப்பொழுது, வாசற்படி, மடி ஆகிய இடைவெளிகள் எஞ்சின. அவையே அவனை முடித்தன. தன் கையாலே வாசகம் வகுத்தவனுக்கே அக்கதியென்றால், வரம் கொடுப்பவனிடமே எழுதுகோலையும் ஒப்படைத்த நமது கதியை என்னென்பது!

பதின்மூன்றாவது திருத்தத்தை எடுத்து வாசியுங்கள். மாகாண சபைப் பட்டியலிலே காணி உண்டு. பின்னிணைப்பைப் புரட்டுங்கள்: அரச காணி தொடர்ந்து குடியரசிடமே இருக்கும். பொலிஸ் அதிகாரம் உண்டு என்று எழுத்திலே இருக்கிறது. எந்த மாகாண சபைக்கும் அது கைக்கு வந்ததில்லை. நிறைவேற்று அதிகாரம் ஆளுநர் ஊடாக; ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. இவை போதாதென்று, மத்திக்கு ஒதுக்கிய பட்டியலின் தலைப்பிலே, எல்லா விடயங்கள் பற்றிய தேசியக் கொள்கையும் கொழும்புக்கே என்று ஒரு வரி. இரணியனின் வரத்திலே இடைவெளி தவறி விழுந்தது. நமது வரத்திலே இடைவெளி வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

அந்த அரைகுறை வரமாவது நடைமுறையில் உண்டா? வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் 2013 செப்ரெம்பர் 21இலே நடந்தது. 2018 ஒக்ரோபரிலே அதன் காலம் முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டே தேர்தல் முறையை மாற்றிச் சட்டமியற்றினார்கள். அம்முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ரிலே பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். ஆதரித்து ஒரு வாக்குத்தானும் விழவில்லை. பழைய முறை போயிற்று; புதிய முறை பிறக்கவில்லை. 2025ஆம் ஆண்டும் தேர்தலின்றியே கழிந்தது. எந்த நாகத்தொடரிலே இப்படியொரு மாயம் நடந்தது? இங்கே நமது வீட்டுக் குற்றத்தையும் மறைக்கமாட்டோம். 2017இலே அச்சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தோருள் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தனர். அவர்களை நிறுத்தி, மூன்றாம் நிபந்தனை எங்கே என்று கேட்டோமா? கேட்கவில்லை. அன்றிரவு எந்த விறாந்தையிலும் விசாரணை நடக்கவில்லை.

கேட்டால் மட்டும் என்ன நடக்கும் என்று சலிப்போருக்கு அண்மைய உதாரணமொன்றைத் தருகின்றோம். 2025 மார்ச்சு 28ஆம் நாள், காணித் தீர்வுக் கட்டளைச் சட்டத்தின் கீழே, வடக்கிலே ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணி பற்றி வர்த்தமானி அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரித்தைக் காட்டாவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்பதே அதன் பொருள். போரிலே உறுதியைத் தொலைத்தவன் மூன்று மாதத்திலே எதைக் காட்டுவான்? கடல் கடந்தவன் எப்படி ஓடிவருவான்? அந்த அறிவித்தலை வரிவரியாக வாசித்தவர்கள் இருந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றத்திலே வழக்கும் எழுந்தது, அதே ஆண்டிலே அரசு அதனை மீளப் பெற்றது. அங்கே வென்றது வாசித்தவனின் ஞாபகம், வாளுமன்று, வரமுமன்று.

பத்தாண்டு ஒருவன் எதிரிடையாக ஆண்டுவந்தால் பிறன் காணிக்கும் உரித்துக் கோரலாம் என்பது எமது கமக்காரர் யாவரும் அறிந்த சட்டம். அதனாலன்றோ வேலி ஒரு முழம் நகர்ந்தாலும் விதானையாரிடம் ஓடுகிறோம்! வாக்குறுதியும் அத்தகையதே. கேளாது விட்டால் அது கேட்டவனுக்குரியதன்று. மறந்தவனின் வளவிலே மறுத்தவன் வேலி போட்டுவிடுவான். தேர்தல் விஞ்ஞாபனத்தை ஒப்பந்தமென ஏற்று நிறைவேற்ற ஆணையிடும் நீதிமன்றம் இந்நாட்டில் இல்லை. ஆகவே அதற்குரிய நீதிமன்றம் நமது விறாந்தையே. அதற்குரிய ஆவணம் நமது ஞாபகமே.

அந்த ஞாபகம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இலக்கணம் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றிலிலே 2017 பெப்ரவரி 20இலே சில தாய்மார் அமர்ந்தார்கள். ஒப்படைத்த பிள்ளை எங்கே என்ற ஒரே கேள்வியோடு அமர்ந்தார்கள். அலுவலகம் திறந்தார்கள், ஆணையாளரை நியமித்தார்கள். விடை மட்டும் வரவில்லை. விடை காணாமலே கண்மூடியோரும் அவர்களுள் உண்டு. தொடர்கதையிலே அவிழாத முடிச்சு நமக்கு ஒரு மாலைப்பேச்சு. அவர்களுக்கோ அது உலையேறாத அடுப்பு, மூடாத கதவு. எனினும் அவர்கள் கேள்வியை மாற்றவில்லை. புதிய கதை சொன்னவனுக்குச் செவிசாய்க்கவுமில்லை.

ஆகவே, நாம் எவரையும் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லவில்லை. ஊர்தோறும் சனசமூக நிலையத்திலே ஒரு கொப்பி வையுங்கள் என்றுதான் கேட்கின்றோம். யார், எந்த நாளில், எந்த மேடையில், என்ன சொன்னார் என்று அதிலே எழுதுங்கள். அடுத்தமுறை வாக்குக் கேட்டு வருபவர் கொழும்புக் கட்சியாயினும், எமது கட்சியாயினும், நாமேயாயினும், மாலை போடுமுன் அக்கொப்பியை விரியுங்கள். சொன்னது என்ன? செய்தது என்ன? செய்யாததற்குக் காரணம் என்ன? மூன்று கேள்விகளுக்கும் விடை தந்தபின் அவர் புதிய கதையைத் தொடங்கட்டும்.

நாகமணி எங்கே போயிற்று என்று கேட்கத் தெரிந்த மக்களுக்கு, நமது காணி எங்கே, நமது சபை எங்கே, நமது பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தெரியாதா? தெரியும். கேட்போமாக!