குடத்திலிருந்து வந்தவள் யார்?

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் பூம்பாவை உயிர்பெறும் நிகழ்ச்சி. பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "இதுதான் சார் டெலிபோர்ட்டேஷன். ஸ்டார் டிரெக்ல இப்பத்தான் காட்டறான். நாம அன்னிக்கே பண்ணிட்டோம்."

இந்தப் பெருமிதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. "அதெல்லாம் பௌதிகப்படி நடக்காதுப்பா" என்று டிவியை அணைக்கும் நண்பர்களோடும் சேர முடியவில்லை. இரு தரப்புக்கும் கருவி மேல்தான் கண். கதையை யாரும் பார்ப்பதில்லை.

1966இல் தொடங்கிய ஸ்டார் டிரெக்கில் டிரான்ஸ்போர்ட்டர் வந்ததே காசு பற்றாமல்தான். வாராவாரம் விண்கலம் தரையிறங்குவதைப் படமாக்கக் கட்டுப்படியாகவில்லை. ஆளைக் கரைத்துக் கீழே சேர்த்துவிட்டார்கள். ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாதே என்ற ஆட்சேபத்துக்குப் பின்வந்த தொடரில் 'ஹைசன்பர்க் காம்பன்சேட்டர்' என்று ஒரு பெயரை வைத்துச் சமாளித்தார்கள். இருக்கட்டும். அது பெரிய குற்றமில்லை.

நிஜ இயற்பியல் சொல்வது வேறு. பென்னட் குழுவினர் 1993இல் கோட்பாட்டை எழுதினார்கள். 1997இல் அது ஒளித்துகளில் செய்தே காட்டப்பட்டது. அங்கே பயணிப்பது பொருள் அல்ல, அதன் நிலை. மறுமுனையில் இன்னொரு துகள் முன்பே காத்திருக்க வேண்டும். சாதாரண வழியில் ஒரு செய்தியும் போய்ச் சேர வேண்டும்; எனவே ஒளியை முந்த முடியாது. மூலத்தின் நிலை அழிந்தே தீரும். மனிதனுக்குப் பொருத்தினால், லஸ் கார்னரில் ஒருவர் அழிகிறார், பாண்டி பஜாரில் வேறு அணுக்களில் ஒருவர் எழுகிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போவது யார்?

அதே 1993இல் ஸ்டார் டிரெக் இந்தக் கேள்வியைத் தொட்டது. டிரான்ஸ்போர்ட்டர் கோளாறால் ரைக்கர் இருவராகிவிட்டார். ஒருவர் பதவி உயர்ந்தார். மற்றவர் எட்டு ஆண்டுகள் ஆளில்லாத கோளில் கிடந்தார். இருவருமே அசல். குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாது என்பது 1982லேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆனாலும் கதை நிற்கிறது, ஏனென்றால் அதில் ஒருவருக்கு எட்டு ஆண்டுகள் நஷ்டம்.

இப்போது சேக்கிழாருக்கு வருவோம். ஏழு வயதில் பாம்பு தீண்டி இறந்த மகளின் சாம்பலைக் குடத்தில் வைத்துக் காக்கிறார் சிவநேசர். சம்பந்தர் பாட, எழுந்து வருபவளுக்கு வயது பன்னிரண்டு. நடுவிலிருந்த ஐந்து ஆண்டுகளை வாழ்ந்தது யார்? தந்தை அவளைச் சம்பந்தருக்கே மணமுடித்துத் தர முன்வருகிறார். அவர் மறுக்கிறார்: நீர் பெற்ற பெண் விடத்தால் மாண்டாள், இவளை மீண்டும் உருவாக்கியவன் நான், ஆகவே அந்தப் பேச்சு தகாது என்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது, வந்தவள் போனவள் அல்ல என்று.

குளக்கரை நண்பர் இதையல்லவா பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டும்?

நம் தொடர்களில் புகை கிளம்பும், ஒருவர் மறைவார், அடுத்த ஷாட்டில் வேறிடத்தில் நிற்பார். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கேட்டால், "கிராபிக்ஸுக்கு பட்ஜெட் இல்ல சார்." அய்யா, டிரான்ஸ்போர்ட்டரே பட்ஜெட் இல்லாமல் பிறந்ததுதான்! கருவியை விளக்க வேண்டாம். மறுமுனையில் வந்து நிற்பவளை வீட்டில் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.