குடிநோயில் வீழ்ந்த ஆணுக்கு எத்தகைய சிகிச்சை?



மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. ஆயினும் நம் மஹல்லாக்களிலும் குடிநோயாளிகள் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி, 2019இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 முதல் 75 வயது வரையிலான ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துவதாகக் கூறியது. மதுவுக்கு அடிமையானோரில் ஏறத்தாழ 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகவும் அது தெரிவித்தது.

ஏனையோரைத் தடுப்பது எது? பணமும் தூரமும் ஒருபுறமிருக்க, வெட்கமும் ஒரு பெருந்தடை. ஆண் அழலாகாது, குடும்பத் தலைவன் தளரலாகாது என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்ததை மட்டும் மறந்துவிடுகிறோம்.

போதை மீட்பு மையங்கள் பலவற்றில் ஆண்களே நிறைந்துள்ளனர். அதனாலேயே அது ஆண்களுக்கான சிகிச்சை ஆகிவிடாது. சில நாள்கள் மருந்து கொடுத்து உடலைத் தேற்றி அனுப்பினால், அவனைக் குடிக்கத் தூண்டிய கடனும் வேலையிழப்பும் கோபமும் வீட்டு வாசலிலேயே காத்திருக்கும். மனைவி மக்கள் முன் சொல்லத் துணியாத தோல்வியை, அதே தோல்வியைக் கடந்து வந்த ஆண்களிடம் அவன் சொல்லக்கூடும். அத்தகைய குழு ஆலோசனையும், கோபத்தை ஆளும் பயிற்சியும், தகப்பனாக மீண்டும் பொறுப்பேற்கும் வழிகாட்டலும் சிகிச்சையின் பகுதிகளாக வேண்டும்.

தவ்பா செய்யவைத்து அறையில் பூட்டிவைத்தால் போதும் என்று எண்ணும் குடும்பத்தாருக்கு ஓர் எச்சரிக்கை. நீண்ட காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். தவ்பா உள்ளத்தின் கடமை. உடலுக்கு மருத்துவர் வேண்டும். நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் நம் மார்க்கம்தான்.

மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று கூறியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. குற்றம் குற்றமாகவே இருந்தது. மனிதர் மட்டும் கைவிடப்படவில்லை. இந்த இரக்கம் வீட்டு வன்முறைக்குக் கேடயமாகிவிடலாகாது. மனைவி மக்களின் பாதுகாப்பே முதலில்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். குடிப்பவரின் பெயரை அம்பலப்படுத்தாதீர்கள். நம்பகமான இருவரை நியமித்து, அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லச் செய்யுங்கள். 14446 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். சிகிச்சை முடிந்து திரும்புபவருக்கு ஸஃப்பில் உங்கள் தோளருகே இடம் கொடுங்கள். அவர் மறுபடியும் சறுக்கினால், மறுபடியும் அழைத்துச் செல்லுங்கள்.

அல்லாஹ் அவர்களுக்கு ஷிஃபாவையும் நமக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.