பத்து ரூபாய் காசிலும் ஒரு பாடம்!



பொய்ச் செய்தி எது, நிஜச் செய்தி எது என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுத் தர வேண்டும் என்று இப்போது நிறைய பேர் பேசுகிறார்கள். இது ஏதோ பட்டணத்துப் பிள்ளைகளுக்கான சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது சகோதரிகளே. நம் தர்மபுரி மாவட்டப் பெண்களின் சுருக்குப் பையிலேயே கை வைத்த விஷயம் இது.

பத்து ரூபாய் காசு செல்லாது என்று கிளம்பிய புரளி ஞாபகம் இருக்கிறதா? மளிகைக் கடையில் கொடுத்தால், 'நோட்டா இருந்தா கொடுங்கம்மா' என்பார்கள். பஸ்ஸிலும் அதே கதைதான். பூ விற்கிறவர், கீரை விற்கிறவர் கையில் இந்தக் காசு வந்து சேர்ந்தால் அன்றைய லாபமே முடங்கிப் போகும். ரூபாய் அடையாளம் இல்லாத காசு போலி என்றார்கள். பத்துக் கோடு இருந்தால் நல்ல காசு, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக் காசு என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால், 'எல்லாரும் சொல்றாங்க' என்பதுதான் பதில்.

ரிசர்வ் வங்கி 2016 நவம்பரிலேயே, இந்தக் காசுகள் செல்லும் என்று விளக்கம் கொடுத்தது. 2018 ஜனவரி 17-ல், இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் காசு வெளியிட்டிருக்கிறோம், அத்தனையும் செல்லும் என்று மறுபடியும் சொன்னது. அப்படியும் புரளி அடங்கவில்லை. 2022-ல் நம் அரூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் பத்து ரூபாய் காசுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு காரே வாங்கினார். செல்லாக் காசு என்று நினைத்துப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடியதைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தாராம். பேப்பரில் படித்துச் சிரித்தோம். ஆனால், நாலு வருஷத்துக்கு முன்பே வங்கி சொன்ன விஷயத்தை நிரூபிக்க ஒருவர் கார் வாங்கிக் காட்ட வேண்டியிருந்ததே, அதை யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

இந்தப் புரளியை ஏழாம் வகுப்புப் பிள்ளையே உடைத்துவிடும். நம்ம ரூபாய்க்கு அடையாளக் குறி வந்தது 2010 ஜூலையில். அதை வடிவமைத்தவர் உதயகுமார் என்ற தமிழர். பத்து ரூபாய் காசோ 2009-லேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பிறகு எப்படி பழைய காசில் அந்தக் குறி இருக்கும்? காசில் அச்சடித்திருக்கும் வருஷத்தைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடுகிறது. கணக்கு, சமூக அறிவியல் இரண்டும் இதில் வந்துவிட்டதே! இதைத்தான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறேன்.

காசு போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். உயிர் போனால்? நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில், 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரே கூடி அடித்தது. குழந்தைக்கு சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மா செத்தே போனார். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அதே வருஷம் ஜூலையில் மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்தில் இதே சந்தேகத்தில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள்.

அந்த நாட்களில் பல மாநிலங்களில் ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். கண்ணால் கண்டதும் பொய் என்று நம் பெரியவர்கள் சொன்னது எவ்வளவு நிஜம்!

பக்கத்து கேரளாவில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பற்றிய வதந்தியால் பெற்றோர் ஊசி போட விடாமல் தடுத்ததைப் பார்த்த கண்ணூர் கலெக்டர் மீர் முகமது அலி, 2018-ல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜெயதே' என்ற பெயரில் வகுப்பு நடத்த வைத்தார். 2022-ல் மாநிலம் முழுக்க ஏறக்குறைய 19.7 லட்சம் மாணவர்களுக்கு இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். 2024-ல் ஐந்தாம், ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் வாரம் ஒரு பீரியடாவது இதற்கு ஒதுக்கினால் என்ன?

ஆனால் ஒரு விஷயம். 'எதையுமே நம்பாதே' என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது பாடம் ஆகாது. அப்படி வளர்கிற பிள்ளை நாளைக்கு டாக்டர் சொல்வதையும் நம்பாது. 2017 பிப்ரவரியில் அதே தடுப்பூசியை நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்டபோது, வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துப் பயந்து பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத தாய்மார்கள் உண்டு. அவர்கள் சந்தேகப்படாதவர்கள் இல்லையே! சந்தேகப்பட்டார்கள். ஆனால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஊசியைப் பற்றிக் கிராம நர்ஸிடம், காசைப் பற்றி வங்கியில், பிள்ளை பிடிக்கிறவன் என்றால் போலீசில் கேட்கலாம். விஷயம் தெரிந்த இடத்தில் விசாரிக்கப் பழக்குவதுதான் நிஜமான பாடம்.

பள்ளிக்கூடம் ஆரம்பிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். செல்போனில் ஒரு செய்தி வந்தால் பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இதை முதலில் சொன்னது யார்? எந்த ஊரில், எந்தத் தேதியில் நடந்தது? படித்ததும் பயமோ கோபமோ பொங்குகிறதா? மூன்றாவதற்கு 'ஆமாம்' என்றால் அங்கேதான் அதிக நிதானம் வேண்டும். நம்மைப் பதற வைத்தால்தான் நாம் யோசிக்காமல் நாலு பேருக்கு அனுப்புவோம் என்பது புரளி கிளப்புகிறவனுக்குத் தெரியும்.

அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்க்காமல் உலை வைப்போமா? காதுக்கு வருகிற சேதியையும் ஒருமுறை புடைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பரிமாறுவோம். அவர்களுக்கும் முறத்தைப் பிடிக்கக் கற்றுக் கொடுப்போம்.

– ஒரு வாசகி, பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.